எட்டாம் மாடியில் காகத்துக்கு வைத்த சோறு

வெள்ளவத்தை
புரட்டாதி முதற்சனி கழிந்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

நலம் விசாரிப்பதை இக்கடிதத்தின் பிற்பகுதிக்கு ஒத்திவைக்கிறேன். இவ்வாண்டுத் தைப்பொங்கலுக்குப் பின் நம் நாய் வீமன் உன் பொறுப்பில் இருக்கிறான். அன்றிலிருந்து நான் அறிய வந்த குறைகளை முதலில் நாள் ஒழுங்கில் பதிவு செய்கிறேன்.

1. சித்திரை வருடப்பிறப்பு, காலை. அயலில் சீனவெடி கொளுத்துவார்கள் என்பது கொழும்பில் எவரும் அறிந்த செய்தி. நீ வாசற்கதவை விரியத் திறந்துவைத்து, வந்த பிள்ளைகளுக்குக் கைவிசேடக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாய். வீமன் எட்டு மாடிப் படிகளையும் இறங்கி, வாகனத் தரிப்பிடத்தில் ஒரு வான் வண்டியின் அடியில் ஒடுங்கிக் கிடந்தான். காவலாளி தூக்கி வந்து மணியை அழுத்தும்வரை அவன் வீட்டில் இல்லை என்பதே உனக்குத் தெரியாது.

2. வைகாசிப் பூரணை. பாயசத்துக்கு வாங்கிய பிளம்ஸில் மிஞ்சியதை, காய்ந்த திராட்சைதானே என்று ஒரு பிடி அள்ளி அவனுக்குக் கொடுத்தாய். அது நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது.

3. ஆடிப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு. காலி வீதியில், நடு வெயிலில், அவனைக் காருக்குள் பூட்டிவிட்டுச் சாமான் வாங்கப் போனாய். "கண்ணாடி கொஞ்சம் இறக்கிவிட்டனானப்பா" என்பது உன் விளக்கம்.

4. ஆவணி, நல்லூர்த் தேர் நாள். அவன் உடம்பு சுடுகிறது என்று, மனிதருக்கான பரசிற்றமோல் வில்லையில் பாதியை வாழைப்பழத்துக்குள் ஒளித்து ஊட்டப் பார்த்தாய். மருமகள் அபிராமி கையைத் தட்டிவிட்டதால் தப்பினான்.

5. கடந்த சனிக்கிழமை, நண்பகல். பல்கனி.

6. அதே சனிக்கிழமை. ஐந்தாவதை எனக்குச் சொல்லாமல் விட்டது.

முதல் நான்கையும் பற்றி நான் உன்னோடு தொலைபேசியில் கதைத்திருக்கிறேன். நான்கு முறையும் நீ "ஓமப்பா" என்றாய். உன்னுடைய இந்த ஓமப்பாவை நான் சிறுவயதிலிருந்தே அறிவேன். அதில் மரியாதை இருக்கிறது, பணிவு இருக்கிறது, எதிராளியின் வாயை மூடுகிற இனிமையும் இருக்கிறது. செயல் மட்டும் இருப்பதில்லை. ஆகவேதான் இம்முறை தொலைபேசியை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். என் குரல் இக்கடிதத்தில் உயரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நான் சத்தம் போடாமல் இருக்கும்போது என்ன நிலையில் இருக்கிறேன் என்பது உனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும்.

என் தொழில் என்னவென்று உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, எனினும் நினைவூட்டுகிறேன். முப்பது வருடங்களாகக் காப்புறுதி நிறுவனங்களுக்காக இழப்பு மதிப்பிடுகிறேன். விபத்து நடந்த இடத்துக்கு, அது நடந்து முடிந்த பிறகு போகிறவன் நான். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன், எரிந்த சமையலறைகளிலும் நசுங்கிய வாகனங்களிலும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். அங்கெல்லாம் நான் கண்டது ஒன்றுதான். விபத்துக்குரிய பொருட்கள் பெரும்பாலும் ஆபத்தானவை அல்ல. ஒரு சாய்ந்த ஏணி, ஒரு ஈரத் துணி, யாரோ தள்ளி வைத்த ஒரு முக்காலி. தனித்தனியே அவை நல்ல பிள்ளைகள். ஒரு மத்தியானம் அவை ஒன்றாகக் கூடிவிடும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கல்கிசையில் உன் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. முதல்நாள் நீ அம்மாவின் கைத்தொலைபேசிக்கு அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நல்ல மனநிலையில்தான் ரயில் ஏறினேன். உனக்கு ஏழரைச் சனி நடக்கிறது, புரட்டாதிச் சனி விரதத்தைப் பிடி, காகத்துக்குச் சோறு வைத்ததற்குப் படம் எடுத்து அனுப்பு என்பது அம்மாவின் கட்டளை. நீ கீழ்ப்படிந்திருந்தாய். பல்கனிச் சுவரின் மேல் வாழையிலைத் துண்டு, எள்ளும் நல்லெண்ணெயும் விட்ட சோறு, பக்கத்தில் ஒரு காகம், பின்னால் கடல். "பாருங்கோ, காகமும் வந்து நிக்குது. பெடியன் திருந்தீட்டான்" என்று அம்மா அதை எனக்கு இரண்டு தரம் காட்டினா.

வந்து உட்கார்ந்ததும் அபிராமி தேநீர் கொண்டுவந்தாள். நீள்கைச் சட்டை போட்டிருந்தாள். வெக்கையில் அவள் அப்படிப் போடுகிறவள் அல்லள். தட்டை நீட்டியபோது சட்டைக்கை மேலேறியது. முழங்கைவரை கீறல்கள், மணிக்கட்டில் கட்டு.

"என்ன பிள்ளை, கையிலை?"

"பூனை கீறினது மாமா."

"எந்தப் பூனை?"

"கீழ் வீட்டுப் பூனை."

"கீழ் வீட்டுப் பூனை எட்டாம் மாடிக்கு என்னெண்டு வந்தது? லிப்டிலையோ?"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண் நிறைந்துவிட்டது. "அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர் மாமா" என்றாள். நீ அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒலியைக் குறைத்தாய், திரும்பவில்லை. பிறகு அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். நீ சோற்றை வைத்தாய். "கா, கா" என்று கூப்பிட்டாய். காகம் வந்தது. படம் எடுத்தாய். எடுத்த படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தாய். அந்த நேரத்தில் வீமன், பூச்சாடி வைக்கவென்று சுவரோடு ஒட்டி நீ போட்டிருந்த பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி, அங்கிருந்து சுவரில் முன்கால் வைத்து, காகம் எழும்பிப் பறந்ததும் அதன் பின்னால் பாதி உடம்பை வெளியே போட்டுவிட்டான். அபிராமி ஓடிவந்து கழுத்துப்பட்டியைப் பிடித்தாள். தளர்ந்த பட்டி, காதைத் தாண்டிக் கழன்று அவள் கையோடு வந்தது. பிறகு பின்னங்கால் ஒன்றைப் பிடித்தாள். அவன் பயத்தில் அவள் கையைக் கிழித்தான். அவள் விடவில்லை.

"எட்டிப் பிடிக்கேக்கை உன்ரை கால் நிலத்திலை இருந்ததோ பிள்ளை?" என்று கேட்டேன். அது என் தொழிற்கேள்வி.

கொஞ்சம் யோசித்தாள். "ஞாபகமில்லை மாமா" என்றாள்.

அப்போதுதான் நீ திரும்பினாய். "இப்ப என்னப்பா, நாய் உயிரோடைதானே இருக்கு" என்றாய்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். வீமனின் பின்னங்காலை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை, ஊன்றும்போது சற்றுத் தயங்குகிறான். பல்கனிக்குப் போய் நீளம் அகலம் உயரம் அளந்தேன். முக்காலியை எடுத்துக் குளியலறைக்குள் வைத்துவிட்டு உன்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் புறப்பட்டேன். திரும்பும் ரயிலில் அம்மா, "நீங்கள் கதைக்காமல் வந்தது பெடியனுக்கு அடிச்சதிலும் மோசம்" என்றா. தெகிவளை தாண்டியதும், "எழுதுங்கோ. வாயாலை சொன்னால் ஓமப்பா எண்டுவான்" என்றா. அவவுக்கு உன்னை என்னிலும் நன்றாகத் தெரியும்.

இனி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வீமன் ஏன் ஏறினான் என்று நீ கேட்கவில்லை. நாய் என்றால் காகத்தைத் துரத்தும்தானே என்று விட்டிருப்பாய். வீமன் காகத்தைத் துரத்துகிறவன் அல்லன். நீ வெளிநாட்டில் படித்த அந்த வருடங்களில், நம் பழைய வாடகை வீட்டின் பின்மதிலில் சனிக்கிழமை தோறும் நான்தான் காகத்துக்கு வைப்பேன். "கா, கா" என்று கூப்பிடுவேன். வீமன் எங்கே கிடந்தாலும் எழும்பி வந்து மதிலின் கீழ் குந்தியிருப்பான். காகங்கள் கொத்திவிட்டுப் போனதும் இலையில் மிஞ்சியதை வழித்து அவனுக்குப் போடுவேன். அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். வருடக்கணக்காக இதுதான் எங்கள் ஒழுங்கு: காகம், வீமன், அம்மா, நான். கொழும்பில் இத்தனை ஆயிரம் நாய்களில் "கா, கா" என்றால் சோறு என்று விளங்கிக்கொள்கிற நாய் இவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். நீ எட்டாம் மாடியில் நின்று காகத்தை அழைத்தபோது, மகனே, நீ அவனை அழைத்தாய். அந்தச் சுவருக்கு, அந்த முக்காலியின் வழியாக, அவனை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டாய் என்றே கொள்.

வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்ட எடுத்துக்கொண்டபோது, நாங்கள் இந்தத் தொடர்மாடிக்கு வந்தோம்; இங்கே நாய் வளர்க்க அனுமதி இல்லை. அவனை உன்னிடம் தந்தோம். அவன் உணவுத்தட்டைத் தந்தேன், ஊசி அட்டையைத் தந்தேன், பாயைத் தந்தேன். இந்தப் பழக்கத்தைச் சொல்லித் தர மறந்தேன். நீயும் அவன் என்னென்ன பழகியிருக்கிறான் என்று கேட்க மறந்தாய். ஒரு வீட்டில் நாய்க்குச் சோறு தந்த பழக்கமே இன்னொரு வீட்டில் அவனைக் கொல்லக்கூடும் என்பதை இரண்டு படித்த மனிதர்களும் யோசிக்கவில்லை.

நீ அன்பில்லாதவன் என்று நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவன் வந்த முதற்கிழமை ஏழு நாளும் வாசற்கதவின் அருகே அழுதுகொண்டு கிடந்தான் என்றும், நீ கட்டிலை விட்டு அவன் பாயோடு தரையில் படுத்தாய் என்றும் அபிராமி சொன்னாள். புதிதாகக் கலியாணம் செய்தவன் செய்கிற காரியமல்ல அது. அம்மா கேட்டுவிட்டுச் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தா. ஆனால் அன்பு வைத்திருக்கிறோம் என்பதாலேயே கவனமும் வைத்திருக்கிறோம் என்று நீ நினைத்துக்கொண்டாய். அவை இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவை அல்ல. அன்பு பிளம்ஸ் கொடுக்கும். கவனம் பிடுங்கும். அன்பு காரில் ஏற்றிக்கொண்டு போகும். வெயிலில் நிறுத்த வேண்டி வந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ என்று சொல்வது கவனம். நாய் உன்னிடம் எது கேட்டாலும் அன்பிடம்தான் கேட்கும். கவனத்தை எந்த நாயும் விரும்புவதில்லை, எந்தப் பிள்ளையும் விரும்பியதில்லை.

உனக்கு அந்தக் கடற்கரை நாள் நினைவிருக்கும். நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம். வீமன் உள்ளங்கையிலும் கொஞ்சம் பெரிய குட்டி. மாலையில் மூவரும் நம் வீட்டு ஒழுங்கை வழியாக இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். சங்கிலியின் கொளுவி உடைந்து அவன் தண்டவாளத்துக்கு ஓடினான். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து ரயில் ஊதியது. நீ ஒன்றும் யோசிக்காமல் தண்டவாளத்தில் பாய்ந்தாய். நான் கத்தினேன். ரயில் போய் முடிந்ததும், அந்தப் பக்கத்துப் பாறைகளின் மேல் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு நீ சிரித்துக்கொண்டு நின்றாய். "பிடிச்சிட்டனப்பா" என்றாய். நான் உன்னோடு கதைக்காமல் திரும்பி நடந்தேன்; சாப்பாட்டு மேசையிலும் பல நாள் கதைக்கவில்லை. "அப்பாவுக்கு நாயிலை அவ்வளவு பாசம். சங்கிலியைப் பாக்கேல்லை எண்டு கோபம்" என்று நீ அம்மாவிடம் சொன்னதாக அறிந்தேன். அதை நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன். ரயில் வந்தபோது நான் கத்தியது நாயின் பெயரை அல்ல.

உன் பல்கனியில் நின்று அளந்தபோதும் நான் அளந்தது நாய்க்காக மட்டும் அல்ல. கால் நிலத்தில் இருந்ததா என்பது நினைவில்லாத ஒரு பெண்பிள்ளை அங்கே நின்றிருக்கிறாள். அவள் உன்னைப் போல, பிடிக்கிற சாதி. பிடிக்கிறவர்களுக்குப் பின்னால் நாங்கள் ஒரு வலையாவது கட்டி வைத்திருக்க வேண்டும்.

ஆகவே சில விடயங்கள். கழுத்துப்பட்டியை எறி, நெஞ்சைச் சுற்றி வருகிற பட்டியை வாங்கு. இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக்கூடாது. சங்கிலியின் கொளுவியைக் கடற்காற்று அரிக்கும். வெளியே இறங்குமுன் ஒருதரம் இழுத்துப் பார். மத்தியானத்தில் தார் வீதியில் அவனை நடத்தாதே. உன் புறங்கையை வீதியில் வைத்துப் பார், உன்னால் வைத்திருக்க முடியாவிட்டால் அவனாலும் முடியாது. கல்கிசைக் கரையில் தூண்டில் போடுகிறவர்கள் இரையோடு முள்ளை விட்டுவிட்டுப் போவார்கள், கரையொதுங்கிய நஞ்சுள்ள பேத்தை மீனும் கிடக்கும்; அவன் மூக்கு போகிற இடத்துக்கு உன் கண் முந்திப் போகட்டும். கோழியின் வெந்த எலும்பைக் கொடுக்காதே. "நாய்க்கு எலும்பு குடுக்காமல் வேறை ஆருக்குக் குடுக்கிறது" என்று வருகிற விருந்தாளிகள் பகிடி பண்ணுவார்கள். விருந்தாளி வீட்டுக்குப் போய்விடுவார், எலும்பு போகாது. சொக்கலேற்றை அவன் எட்டாத தட்டில் வை. குப்பை அறையில் எலிக்கு மருந்து வைக்கிறார்களா என்று தொடர்மாடி நிர்வாகத்திடம் கேள். வைத்தால் எந்த நாள் என்று கேள். மிருக வைத்தியரின் இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டு. வரும் தீபாவளிக்கு வெடிச் சத்தம் தொடங்குமுன் அவனை உள்ளறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, வானொலியைப் போட்டு, நீயும் கூட இரு. பயப்படுகிறவனுக்குத் துணை வேண்டும். நான் உனக்கு அப்படி இருந்திருக்கிறேன். உனக்கு நினைவிருக்காத வயது.

விரதத்தை விடச் சொல்லவில்லை. அம்மாவோடு அந்த விடயத்தில் நான் மோத மாட்டேன். சோற்றைக் கீழே இறங்கி, மதிலோரம் வை. கொழும்புக் காகம் எந்த மாடியிலும் உன்னைத் தேடிக் கண்டுபிடிக்கும். நிலத்தில் வைத்தாலும் கண்டுபிடிக்கும். வீமனை வீட்டுக்குள் அபிராமியோடு விட்டுவிட்டுப் போ. திரும்பி வரும்போது அவனுக்கென்று ஒரு கவளம் கையில் கொண்டு வா. வரிசையில் அவன் இரண்டாவது. அவனுக்கு அது முக்கியம்.

பல்கனிக்கு வலை வாங்கிவிட்டேன். என் அறையில், கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்திருக்கிறேன். கொளுக்கிகளும் துளைப்பானும் தயார். நான் கேட்பது உன் எழுத்திலான பதில். உன் சொந்தக் கையெழுத்தில், மூன்று விடயங்கள்: சோறு இனி எங்கே வைக்கப்படும், வலை கட்ட நான் எந்த நாள் வரலாம், இனி அங்கே எது நடந்தாலும், நாய்க்கோ அவளுக்கோ உனக்கோ, நான் அதை அன்றே உன் வாயால் அறிவேனா, அல்லது கீறல்களில் படித்து அறிய வேண்டுமா. கைத்தொலைபேசியில் வரும் கட்டைவிரல் படம் பதிலாக ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. ஓமப்பாவும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.

பதில் வராவிடின், தெகிவளையில் சிறு அனெக்ஸ் வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாய்க்கு அனுமதி உண்டு. வீமனை அழைத்துக்கொண்டு அங்கே குடிபோவேன். அம்மாவிடம் சொன்னேன். "போங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலை வந்து பாக்கிறன்" என்றா. ஆகவே இது வெறும் மிரட்டல் அல்ல. வீட்டில் அங்கீகாரம் பெற்ற திட்டம்.

நலம் விசாரிக்கிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். அபிராமியின் கைக்கு மருந்து மாற்றினீர்களா? வீமன் பின்னங்காலை ஊன்றுகிறானா? நீ நித்திரை கொள்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை நீ திரும்பாமல் இருந்தபோது, உன் கழுத்தைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையில் நின்று சிரித்தவனின் கழுத்து அல்ல அது. நீ பயந்துபோயிருந்தாய். உயிரோடைதானே என்று நீ சொன்னது எனக்கு அல்ல, உனக்கே என்று ரயிலில் வரும்போதுதான் விளங்கியது. அதற்காக என் குறைப்பட்டியலில் ஒரு இலக்கத்தையும் நான் நீக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை, புரட்டாதி இரண்டாம் சனி, நண்பகலுக்கு முன் உன் பதில் என் கையில் இருக்க வேண்டும். தபாலை நம்பாதே, கொண்டு வந்து தா. வழமைபோல இங்கே நான் காகத்துக்கு வைப்பேன். காகம் தன் நேரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். அம்மா பசி பொறுக்க மாட்டா, அவவும் சாப்பிடுவா. உன் கடிதம் வரும்வரை நான் எனக்கு இலை போட மாட்டேன். வரும்போது வீமனையும் கூட்டி வா. வாசலுக்கு உள்ளே அனுமதி இல்லை. நான் கீழே இறங்கி வந்து, அவன் கவளத்தை அங்கேயே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா